வாத்தியாருக்குப் படியளந்தவர்கள்: தமிழ்நாட்டு வகுப்பறையின் இருநூறு ஆண்டுகள்

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பேருந்தில் போகும்போது, வழியில் தென்படும் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விசித்திரம் புலப்படும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அரசு கள்ளர் பள்ளி, டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருச்சபை) தொடக்கப்பள்ளி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நடுநிலைப்பள்ளி, இந்து நாடார் உறவின்முறைப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்று ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு முன்னொட்டு. எல்லாவற்றிலும் பாடநூல் ஒன்று, பொதுத்தேர்வு ஒன்று, ஏறத்தாழ எல்லா ஆசிரியர்களுக்கும் சம்பளம் வருவது அரசுக் கருவூலத்திலிருந்துதான். பிறகு பெயர் மட்டும் ஏன் இத்தனை விதம்? அந்தப் பள்ளியின் வாத்தியாருக்கு ஒரு காலத்தில் படியளந்தவர் யார் என்பதையே ஒவ்வொரு பெயரும் சொல்கிறது. தமிழகப் பொதுக்கல்வியின் வரலாற்றைச் சட்டங்கள், ஆணையங்கள், அறிக்கைகள் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். வாத்தியாரின் அரிசி எங்கிருந்து வந்தது, பிற்பாடு பிள்ளையின் அரிசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அதே வரலாறு இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

அரசு பள்ளி நடத்தத் தொடங்கும் முன்பே இங்கே பள்ளிகள் இருந்தன. வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ச்சாவடி என்று நிழலுள்ள எந்த இடமும் பள்ளிக்கூடம்தான். ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் இவற்றைப் ‘பயால் பள்ளி’ என்று குறித்தார்கள். திண்ணையைக் குறிக்கப் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல் அது. மணலில் விரலால் எழுத்தைப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு ஆகியவை மனப்பாடம். அவற்றுக்கு இணையாக எண்சுவடி இருந்தது: நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று. அளவை, நிறை, நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் வாயாலேயே கணக்கிடத் தெரிந்தவன் எந்த மிராசுதாரிடமும் கணக்குப்பிள்ளையாகச் சேரலாம் என்பதால், இந்தப் பாடத்திட்டத்துக்கு வெளிப்படையான ஒரு பயன் இருந்தது. வாத்தியாருக்கு வருமானம் பெற்றோர் தரும் மாதக்காசும், அறுவடைக்கால நெல்லும், நவராத்திரி போன்ற நாட்களில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிப் பெற்றுவரும் அன்பளிப்பும்தான். கொடுக்க இயன்றவர் வீட்டுப் பிள்ளை படித்தது. இயலாதவர் வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தது.

அந்தப் பள்ளிகளின் காலைப்பொழுது எப்படித் தொடங்கியது என்பதற்கு அருமையான சாட்சியம் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த ஏ. டி. கேம்பல் 1823இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை அது. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் பெருமைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு சுழி. புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம் என்று பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையின் கதியை நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது. தமிழ்ப் பகுதித் திண்ணைகளிலும் தாமதத்துக்குப் பிரம்பும், மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் அதிகாரமும், கோதண்டத்தில் தொங்கவிடும் தண்டனையும் சாதாரணமாக இருந்தவை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக எழுதுவோர் இந்தப் பக்கத்தை எளிதில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே கேம்பல் இன்னொன்றையும் பாராட்டினார். முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும், செலவே இல்லாமல் மணலில் எழுதப் பழக்குவதையும் வியந்து, இந்த முறை இங்கிலாந்தில் பின்பற்றப்படுவது பொருத்தமே என்று குறித்தார். அங்கே அது போன வழி சென்னை எழும்பூர் வழியாகும். ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். ஊர் திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட குறிப்புக்குப் பிறகு, ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூறு பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனமே அங்கே அதன் கவர்ச்சி.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. 5 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினருக்குச் சற்றே கூடுதலானோர் பள்ளியிலும், வேறு சிலர் வீட்டிலும் படித்தார்கள் என்பது அவருடைய மதிப்பீடு. தமிழ் மாவட்டங்களின் பட்டியல்களில், பிராமணரைவிடச் ‘சூத்திரர்’ என்று வகைப்படுத்தப்பட்ட சாதியினரின் பிள்ளைகளே மிகுதி. ஆங்கிலேயர் வருவதற்கு முன் கல்வி முழுக்கப் பிராமணரிடமே இருந்தது என்ற எண்ணத்தை இந்தப் பட்டியல்கள் அசைத்துவிடுகின்றன; ஆனால் எல்லோரும் படித்தார்கள் என்பதற்கு அவற்றைச் சான்று காட்டவும் முடியாது. பெண் குழந்தைகள் சில ஆயிரம் பேர்தான். சேரிப் பிள்ளைகள் அநேகமாகக் கணக்கிலேயே இல்லை.

மன்றோ கண்டுபிடித்த குறை வாத்தியாரின் கூலி. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிக்க முடியாத தொழிலுக்குத் தகுதியுள்ளவன் எப்படி வருவான் என்று அவர் கேட்டார். கேம்பலோ இன்னும் கசப்பான காரணத்தைச் சொன்னார்: நாடு மெல்ல மெல்ல ஏழையாகிவிட்டது, பெற்றோரிடம் கொடுக்கக் காசில்லை, முன்பு அரசர்கள் கல்விக்குக் கொடுத்த ஆதரவும் நின்றுவிட்டது. வட்ட அளவிலான தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய், மாவட்ட அளவிலான கலெக்டர் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் என்று அரசே சம்பளம் கொடுக்கும் திட்டத்தை மன்றோ வகுத்தார். 300 தாசில்தாரிப் பள்ளிகளும் 40 கலெக்டர் பள்ளிகளும் அதில் அடங்கும். 1827இல் அவர் காலராவில் இறந்தார். 1836இல் அந்தப் பள்ளிகளும் மூடப்பட்டன. அரசு நேரடியாக வாத்தியாருக்குப் படியளக்க எடுத்த முதல் முயற்சி பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. உயர்கல்வியை ஆங்கிலத்தில் ஒரு சிலருக்குக் கொடுத்தால் அது கீழே வடிந்து இறங்கும் என்ற கொள்கை அதற்குள் மேலோங்கிவிட்டிருந்தது.

இந்த இடைவெளியில் மிஷன் பணம் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேனியஸ், கால்டுவெல் முதலியோரின் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இது பெருகியது. வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடமாகவும் ஏழாம் நாள் கோயிலாகவும் பயன்பட்ட ஓலைக்கூரைக் கூடங்கள் பனங்காட்டு ஊர்களிலெல்லாம் எழுந்தன. மதமாற்றமே நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் திண்ணையில் இடமில்லாத பிள்ளைக்கு உட்கார இடம் கொடுத்த முதல் கூரை அதுதான்.

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. பள்ளிகளை நாமே நடத்துவதைவிட நடத்துபவர்களுக்கு மானியம் கொடுப்பது மலிவு என்பது அதன் சாரம். பொதுக்கல்வித் துறையும் அதற்கொரு இயக்குநரும் உருவானார்கள். மிஷன்கள், செட்டியார் அறக்கட்டளைகள், ஊர்ப் பெரியவர்கள் என்று பலரும் மானியம் பெற்றார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் சென்னை மாகாணம், பிள்ளைகளின் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் தரும் முறையைப் பரவலாகக் கையாண்டது. வகுப்பறை என்று இன்று நாம் அறிவதன் பிறப்பு இந்த இடத்தில்தான் என்பேன். திண்ணையில் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. ஒருவன் ‘அறஞ்செய விரும்பு’ எழுதிக்கொண்டிருக்க, பக்கத்திலிருப்பவன் குழிமாற்று ஒப்பித்துக்கொண்டிருப்பான். இன்ஸ்பெக்டர் வந்து தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டுமானால், எந்தத் தலை எந்தத் தரத்தில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். வருகைப் பதிவேடு, நேர அட்டவணை, அச்சிட்ட வாசகப் புத்தகம், சிலேட்டு, கரும்பலகை, சுவரில் தேசப்படம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திண்ணை வாத்தியார்கள் பலர் இப்படித்தான் மானியப் பள்ளி மேலாளர்களாக உருமாறினார்கள். தேர்ச்சி மானியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பளிச்சென்று மாறும் பள்ளிகளின் பழக்கம் கைவிடப்படவில்லை.

மானியத்தால் தீர்க்க முடியாத ஒன்று பள்ளி எங்கே இருக்கிறது என்பது. சட்டப்படி எந்தப் பிள்ளையையும் சாதி காரணமாகத் தள்ள முடியாது. ஆனால் உள்ளாட்சி வாரியம் நடத்திய போர்டு பள்ளி அக்கிரகாரத்திலோ கோயில் சத்திரத்திலோ இருந்தால், அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாத பிள்ளை அதில் எப்படிச் சேரும்? எனவே தனிப்பள்ளிகள் எழுந்தன. 1893இல் மாகாண அரசு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பஞ்சமரின் கல்விக்கென்று சிறப்பு ஆணை பிறப்பித்தது. 1894இல் அடையாறை அடுத்து, பிரம்மஞான சபையின் தலைவர் ஆல்காட் ஒரு பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் இந்தக் கோரிக்கைகளைப் பத்திரிகைகளில் விடாமல் எழுதினார்கள். பின்னர் தொழிலாளர் துறை என்ற பெயரில் அமைந்த துறை சேரிகளில் பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திக் கைரேகை வைக்கச் செய்த குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரைப் பகுதிக் கள்ளர்கள்மீது பாய்ந்து, 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் முடிந்த கொடுமைக்குப் பிறகு, ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் கள்ளர் பள்ளிகள் திறக்கப்பட்டன. கைரேகைப் பதிவேட்டை நீட்டிய அதே அரசுதான் வருகைப் பதிவேட்டையும் நீட்டியது. ஒடுக்க வந்த கையின் மூலம் கிடைத்த பள்ளியையும் அந்த மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். எல்லாத் துறைப் பள்ளிகளும் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்படும் என்று 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபோது அப்பகுதியில் எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

அரசையும் மிஷனையும் காத்திராமல் தாமே படியளந்துகொண்ட சமூகங்களும் உண்டு. விருதுநகரில் நாடார் சமூகத்தினர் 1885இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வியாபாரத்தில் வசூலித்த மகமைப் பணம் ஒருபுறம் இருக்க, வீடுகளில் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர் வழங்கியது. திண்ணைப் பள்ளியில் தொடங்கி, பிறகு இந்தப் பள்ளியில் சேர்ந்து, குடும்பச் சூழலால் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையனின் பெயர் காமராசர்.

1920இல் சென்னை மாகாண ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்விவரி விதிக்கவும், விரும்பினால் கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் அது வழிவகுத்தது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி எடுத்த ஒரு சிறிய முடிவைத்தான் நான் அதைவிடப் பெரிதாக மதிப்பேன். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் பசி என்று கண்டு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவு கொடுக்க, பி. தியாகராயர் தலைமையிலான மன்றம் ஒப்புக்கொண்டது. மேலும் சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று மாகாண அரசு மறுத்ததால் 1925இல் நின்றது. கணக்குத் தலைப்பு சரியில்லை என்பதே பிரச்சினை. ஏறத்தாழ அதே நாட்களில், காங்கிரசின் நிதியுதவி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது பெரும் அரசியல் கொந்தளிப்பாயிற்று. பெரியார் காங்கிரசிலிருந்து விலகிய பின்னணியில் இந்தப் பந்திக்கும் பங்குண்டு.

விடுதலைக்குப் பிறகும் கேள்வி மாறவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும், ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி சொன்ன தீர்வு கணக்களவில் எளிது: கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் மட்டும் பாடம்; ஒரே ஆசிரியர் இரண்டு வேளையாக இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிப்பார்; மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும். பெற்றோரின் தொழில் சாதியால் வகுக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில் கடைசி வாக்கியத்தின் பொருள் என்ன என்பதை எதிர்ப்பாளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டமன்றத்திலும் தெருவிலும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகளைக் காமராசரின் பெயரோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் நிர்வாகத் திறனையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓராசிரியர் பள்ளிகள் குக்கிராமங்களுக்கும் போயின. உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் அடங்கிய முப்பயன் திட்டம் 1955இல் வந்தது. நிர்வாகியின் தயவில் வாழ்ந்த வாத்தியாருக்கு முதுமையிலும் சோறு உறுதியானது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். 1956இல் மதிய உணவு தொடங்கியது. செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்க வேண்டும் என்பதால், அது அரசுத் திட்டமாகவும் பிடியரிசியாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. 1961 முதல் அமெரிக்க ‘கேர்’ அமைப்பின் பால்பொடியும் சேர்ந்தது. 1964இல், பக்தவத்சலம் முதல்வராயிருந்தபோது, பள்ளி இறுதி வகுப்புவரை எல்லோருக்கும் கல்விக் கட்டணம் நீங்கியது.

1960களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகிப் போர்டு தொடக்கப்பள்ளிகளை ஏற்றன. அவற்றின் ஆசிரியர்கள் முழு அரசு ஊழியர்களானது 1981இல்தான். பலகையில் மட்டும் ஒன்றியத்தின் பெயர் இன்றும் நிற்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நிதித்துறை தயங்கிய செலவு அது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெரும்பாலும் ஏழைப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. பள்ளி வளாகத்தில் வகுப்பறைக்கு இணையான இன்னொரு கட்டடமாகச் சமையற்கூடம் எழுந்தது. வாத்தியாருக்கு வீட்டிலிருந்து நெல் போன காலம் போய், அரசிடமிருந்து பிள்ளைக்கு அரிசி வரும் காலம் இப்படி நிலைபெற்றது. கூரைகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைக் கொன்ற பிறகே, பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்பது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில் நடுத்தர வர்க்கம் அரசுப் பள்ளியைவிட்டு வெளியேறத் தொடங்கியிருந்தது. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்த காலத்தையொட்டி மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் தனி வாரியத்தோடு பெருகின. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பாடநூலை ஒன்றாக்கின, பள்ளிகளை ஒன்றாக்கவில்லை. வகுப்பறைக்குள்ளே மெய்யாகவே ஒரு மாற்றம் நடந்தது செயல்வழிக் கற்றலின்போதுதான். 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007க்குப் பின் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளில் பெஞ்சுகள் அகன்றன. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை பூசப்பட்டது. ஒரே அறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை எடுத்துப் படித்தது. மானியத்துக்காகப் பிரிக்கப்பட்ட வகுப்புகள் மீண்டும் கலைந்தன என்று சொல்லலாம். சட்டாம்பிள்ளையின் பிரம்பு இல்லை என்பது வேறுபாடு.

வாத்தியாருக்குப் படியளப்பவர் யார் என்ற கேள்வி இப்போது சென்னைக்கும் தில்லிக்கும் இடையே நிற்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. இந்த நூற்றாண்டில் ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான சர்வ சிக்ஷா அபியானும் அதன் வாரிசான சமக்ர சிக்ஷாவும் பள்ளிச் செலவின் ஒரு பகுதியைச் சுமந்தன; பலமுறை மாறிய பங்கீடு 2015-16 முதல் நூற்றுக்கு அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநிலம் என்றானது. மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேரத் தமிழ்நாடு மறுத்ததையொட்டி 2024-25ஆம் ஆண்டுக்கான ரூ. 2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. 2025இல் மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணம்கூட இந்த இழுபறியில் சிக்கியது. இத்தகைய ஒன்றியத் திட்ட நிதியை நம்பித்தான் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். தொகை பிற்பாடு சிறிது சிறிதாக உயர்ந்தது. பள்ளி விடுமுறை என்று காரணம் காட்டி, மே மாதத்துக்கு அவர்களுக்கு ஊதியம் கொடுக்காத வழக்கம் ஆண்டுகள் பல நீடித்தது.